க் வைத்த கட்சியின் பொதுச்செயலாளர்

நவம்பர் 3, 2025 – திங்கள்

மழை. என் மண்டிக்கு வந்த மிளகாய் வத்தல் மூட்டை இருபத்திரண்டிலும் ஈரம். தும்மல் மட்டும் வழக்கம்போல்.

வரும் தை முதல் தேதியோடு மரபுக் காப்போர் கட்சிக்கு ஐம்பது வயது. பொன்விழா மலர் கொண்டுவருவதென்று நேற்றுச் செயற்குழுவில் ஒருமனதாக முடிவாயிற்று. செயற்குழுவில் நாங்கள் நான்கு பேர். பொதுச்செயலாளர், முத்துக்கிருஷ்ணனாகிய நான். பொருளாளர் ஊர்க்காவலன், தெப்பக்குளத்துப் பக்கம் எண்ணெய்க்கடை வைத்திருக்கிறார். கொள்கைபரப்புச் செயலாளர் சீனிவாசகம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மகளிரணிச் செயலாளர் என் மனைவி தங்கத்தாய். நான்கு பேருக்குக் குறைந்தால் செயற்குழு செல்லாது என்பது விதி. அதனால் யாரும் காய்ச்சலில்கூடப் படுப்பதில்லை.

மொத்த உறுப்பினர் எத்தனை என்று மலரில் போட வேண்டுமா என்று சீனிவாசகம் கேட்டார். ‘எண்ணிக்கை பெரிதல்ல’ என்று போட்டுவிடலாம் என்றேன்.

கட்சி வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். இருபது வயதிலிருந்து கட்சியிலேயே கிடப்பவன் வேறு யார் இருக்கிறார்கள்?

நவம்பர் 6 – வியாழன்

முதல் அத்தியாயம் முடிந்தது. 1976 தை முதல் நாள் நிறுவனர் ஆண்டிச்சாமி ஐயா விருதுநகரில் ஒரு பலசரக்குக் கடை மாடியில் கட்சியைத் தொடங்கினார். கொள்கை ஒரே வரி: இருப்பது இருக்கட்டும். அன்றைக்குப் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் மூவர் கீழே சாமான் வாங்க வந்தவர்கள்.

முதல் பிளவு, 1983. கூட்டத்தில் மைக் வைக்கலாமா கூடாதா. மைக் வேண்டுமென்றால் கடவுள் தொண்டையிலேயே வைத்திருப்பார் என்றார் ஐயா. கேட்காதவர்கள் பிரிந்து போய் ம.கா.க. (ஒலிபெருக்கி) ஆனார்கள். அவர்கள் பேசியது நாலு தெருவுக்குக் கேட்டது. கேட்ட பிறகு நாலு தெருவிலும் யாரும் சேரவில்லை.

இரண்டாம் பிளவு, 1991. ஜமுக்காளமா நாற்காலியா. முழங்கால் வலிக்காரர்கள் அத்தனை பேரும் நாற்காலிப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு வந்த நகராட்சித் தேர்தலில் நாற்காலிச் சின்னம் கேட்டார்கள், கட்டில் கிடைத்தது. படுத்துவிட்டார்கள்.

மூன்றாம் பிளவு, 2004. கூட்டத்துக்குக் காபியா சுக்குத் தண்ணியா. காபிப் பிரிவினர் வெளிநடப்புச் செய்து பக்கத்துக் கடையில் காபி குடித்துவிட்டு நாற்பது நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். இதைப் பிளவில் சேர்க்கலாமா என்று யோசனையாக இருந்தது. சேர்த்துவிட்டேன். வரலாறு கொஞ்சம் பருமனாக இருக்கட்டும்.

நவம்பர் 10 – திங்கள்

நான்காம் பிளவை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. பேனா நகரவில்லை. மலருக்கு வேண்டாம், எனக்காவது எழுதி வைக்கிறேன்.

2019. தேர்தல் சுவரொட்டி அடிக்கச் சிவகாசியில் காசிராஜன் அச்சகத்தில் கொடுத்தோம். காசிராஜன் தங்கத்தாயின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். அப்போது கட்சித் தலைவரும் அவர்தான். சுவரொட்டி வந்தது. ‘மரபு காப்போர் கட்சி’ என்று இருந்தது. நடுவில் இருந்த க் இல்லை.

“மச்சான், ஒரு எழுத்து விட்டுப்போச்சு” என்றேன்.

“விட்டுப்போகல மாப்ள, எடுத்துட்டேன். மரபைக் காப்போர்னு ஐ போட்டா க் வரும். ஐ இல்லேன்னா க்கும் கிடையாது. நாப்பத்து மூணு வருசமா தப்பா எழுதிக்கிட்டு இருக்கோம்.”

எங்கள் கட்சிப் பலகை நிறுவனர் கண் முன்னால் பெயிண்டர் எழுதியது. அதில் க் இருக்கிறது. நாற்பத்து மூன்று வருஷம் ஒரு தப்பு நின்றால் அதற்குப் பெயர் தப்பா, மரபா? இதைத்தான் நான் கேட்டேன். இலக்கணம் ஆயிரம் வருஷத்து மரபு, பலகை நேற்றைய மரபு என்றார் அவர். சீனிவாசகத்திடம் தீர்ப்புக் கேட்டோம். இலக்கணப்படி காசிராஜன் சொல்வது சரி, கட்சிப்படி நான் சொல்வது சரி என்று சொல்லிவிட்டு எங்களோடு தங்கிவிட்டார். சிவகாசி பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

மச்சானோடு மூன்று பேர் போனார்கள். ஊரில் இப்போது எங்களை இக்குக் கட்சி என்றும் அவர்களை இக்கில்லாக் கட்சி என்றும் சொல்கிறார்கள்.

அந்த வாரமே செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் நான்கை நிறைவேற்றினேன். ‘பிரிந்து சென்றோர் இல்லத்திலோ, அவர் அமரும் பந்தியிலோ கட்சியினர் கை நனைக்கலாகாது. மீறுவோர் கட்சியிலிருந்து நீக்கப்படுவர்.’ நல்ல வாசகம். தங்கத்தாயும் செயற்குழு உறுப்பினர்தானே, அவளுக்கும் பொருந்தும். ஆறு வருஷமாக அவள் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 11 – செவ்வாய்

மண்டியில் வேலை இருந்ததால் இன்றும் வரலாறு எழுதவில்லை என்று எழுதலாம். வேலை இல்லை.

நவம்பர் 16 – ஞாயிறு

பிரீத்திகாவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஒரே மகள். காரியாபட்டி இடம், நிலக்கடலை வியாபாரம், பையன் கோயமுத்தூரில் இவள் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே இருக்கிறான். ‘பார்த்து முடித்தது’ என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். யார் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

தை 25, பிப்ரவரி 8 ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி சும்மா இருக்காமல் கேட்டார்: “தாய்மாமன் வரலீகளா?”

“காலண்டர் சீசன் வேலை” என்றேன்.

தங்கத்தாய் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் இருந்தது, மறுபடி நிரப்பப் போனாளாம்.

நவம்பர் 17 – திங்கள்

கோயமுத்தூர் போய்ச் சேர்ந்ததும் பிரீத்திகா போன். மாமா வந்து மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் மணவறையில் உட்காருவேன் என்கிறாள். “உங்க கட்சியில எந்த எழுத்து வேணும்னாலும் வச்சுக்கோங்கப்பா. எனக்கு மாமா வேணும்.”

வளர்ப்பு சரியில்லை. வளர்த்தது நான்தான்.

நவம்பர் 19 – புதன்

மலருக்காகக் கட்சியின் மூல விதிகளைப் படி எடுத்தேன். ஏழாம் விதியில் கை நின்றுவிட்டது. ‘தாய்மாமன் முறை செய்யாத திருமணத்தில் கட்சியினர் கலந்துகொள்ளலாகாது.’ நிறுவனர் கையெழுத்து.

அப்படியானால்: மச்சான் வராவிட்டால் என் மகள் கல்யாணத்துக்கு ஏழாம் விதிப்படி நான் போகக் கூடாது. மச்சான் வந்தால் தீர்மானம் நான்கின்படி நான் சாப்பிடக் கூடாது. கட்சிக்குக் கட்டுப்பட்டவன் என்ன செய்வான்? பட்டினியாக வெளியில் நிற்பானா?

நவம்பர் 23 – ஞாயிறு

செயற்குழுவில் பிரச்சினையை வைத்தேன். ஊர்க்காவலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாய்மாமன் பொறுப்பைக் கட்சியே ஏற்கலாம் என்றார். கட்சி சார்பில் ஒருவர் மாலை போடலாம், தேவைப்பட்டால் தானே முன்வரத் தயார் என்றார். ‘கட்சி மாமன்’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன். யோசனை மோசமில்லை.

போனில் பிரீத்திகாவிடம் சொன்னேன். “ஊர்க்காவலன் மாமாவா? அவர் இருபத்தாறு வருசமா என்னைய பிரியங்கானு கூப்பிடுறாருப்பா.”

யோசனை கைவிடப்பட்டது.

டிசம்பர் 4 – வியாழன்

கார்த்திகையிலேயே பத்திரிகை அடித்து வைத்துவிட வேண்டும், மார்கழியில் அந்தப் பேச்சே கூடாது. சிவகாசி போய் வேறோர் அச்சகத்தில் கொடுத்தேன். எங்கே பார்த்தாலும் காலண்டர். தரையில் காலண்டர், படிக்கட்டில் காலண்டர், முதலாளி உட்காரும் நாற்காலியில் காலண்டர். நின்றுகொண்டே பேசினோம்.

வாசகம் நானே எழுதினேன். ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களுக்கு நல்லாசிக் கூறி’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். என் பெயருக்குக் கீழே ‘பொதுச்செயலாளர், மரபுக் காப்போர் கட்சி’. தாய்மாமன் பெயர் வரும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதத்தான் பேனாவை வைத்தேன். எழுதவில்லை.

டிசம்பர் 13 – சனி

பத்திரிகை வந்தது. எண்ணூறு. அச்சு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் ரெண்டு கோளாறு. ஒன்று, ‘நல்லாசிக் கூறி’ என்று நான் எழுதியது ‘நல்லாசி கூறி’ என்று வந்திருக்கிறது, க் போய்விட்டது. இரண்டு, பெற்றோர் பெயருக்கும் நல்வரவை விரும்புவோர் பட்டியலுக்கும் நடுவில் ஒரு வரி அளவுக்கு வெறும் இடம். காசு கொடுத்து வெள்ளைத்தாளையா வாங்கினேன்? நாளைக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன்.

டிசம்பர் 14 – ஞாயிறு

போன் போடவில்லை. சீனிவாசகம் வந்தார். பத்திரிகையைக் காட்டினேன். “ஆசியைக் கூறின்னா வரும், ஆசி கூறின்னா வராது. அச்சுக்கோத்தவன் விவரமானவன்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு மோரைக் குடித்துவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

காலண்டர் சீசனில் சிவகாசியில் சாப்பிடவே ஆளுக்கு நேரமில்லை. அதில் மெஷினை நிறுத்தி ஒரு க்கை எடுப்பவன் எவன்? எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான்.

பூதக்கண்ணாடி வைத்து மறுபடி பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ‘மரபுக் காப்போர் கட்சி’. அந்த க் அப்படியே இருக்கிறது. எந்த எழுத்துக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டு போனாரோ அந்த எழுத்தைத் தன் கையாலேயே எண்ணூறு தடவை அச்சடித்திருக்கிறார். என் பெயருக்குக் கீழே இருக்கிறதே என்று விட்டிருக்கிறார். என்ன மனுசன்யா இவரு. கட்சி மாறினாலும் எனக்கு இப்படி ஒரு மனசு வராது.

டிசம்பர் 15 – திங்கள்

அச்சகத்தில் கேட்டேன். “சீசன் லோடு அண்ணாச்சி. அளவுக்கு மேல ஆர்டர் எடுத்துட்டோம். உங்க வேலைய காசிராஜன் அண்ணாச்சிகிட்டக் குடுத்துட்டோம். ஏன், ஏதும் தப்பா இருக்கா?”

தப்பு இல்லை என்றேன்.

டிசம்பர் 22 – திங்கள்

சிவகாசி போனேன். தங்கத்தாயிடம் சாத்தூர் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மச்சான் மெஷின் பக்கத்தில் நின்று தாளை விரலால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மை பரவியது.

“வாங்க மாப்ள.”

“பத்திரிகையில ஒரு எழுத்து இல்ல. அதக் கேக்க வந்தேன்” என்றேன்.

“மூணு மெசினும் காலண்டர்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒங்க வேலை வந்திருக்குன்னதும் ஒண்ண நிறுத்துனேன். எம் மருமக பத்திரிகைய மத்தவன் அடிக்கவா? அந்த க் கண்ண உறுத்துச்சு, எடுத்துட்டேன்.”

“நடுவுல ஒரு வரி வெறுமனே கிடக்கு.”

“எம் பேரு இல்லன்னு பார்த்தேன் மாப்ள. அது ஒங்க இஷ்டம். இடம் விட்டு வச்சேன். அது எம் இஷ்டம்.”

அறுபத்திரண்டு வயதில் ஒரு அச்சகத்தில், பக்கத்தில் பைண்டிங் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கண் கலங்கி நிற்பது பொதுச்செயலாளருக்கு அழகில்லை. நின்றேன்.

“மார்கழி நடக்குது மச்சான். அழைக்கக் கூடாது. அதனால நான் இன்னிக்கு அழைக்கல.”

“நானும் இன்னிக்குக் கேட்டுக்கல” என்றார்.

பிறகு எண்ணூறையும் கொண்டுவரச் சொன்னார். மறுபடி ஓட்டி அந்த ஒரு வரியைப் போட்டுத் தருகிறாராம்.

டிசம்பர் 23 – செவ்வாய்

தங்கத்தாய் என் சட்டையைத் துவைக்கும்போது, “சாத்தூர்ல இப்ப அச்சு மையிலதான் சேவு போடுறாகளோ” என்றாள்.

ஜனவரி 11, 2026 – ஞாயிறு

செயற்குழு மூன்று மணி நேரம். காசிராஜனை அழைப்பது பற்றி. சீனிவாசகம் ஒரு வழி சொன்னார்: வருகிறவர் தாய்மாமன், பிரிந்து சென்றவர் அல்ல. மாமன் வேறு, கட்சிக்காரர் வேறு.

“சரி, மாலை போடுறப்ப மாமன். பந்தியில உக்காந்தா அவரு யாரு?” என்று கேட்டார் ஊர்க்காவலன்.

கடைசியில் எழுதிய தீர்மானம்: அழைப்பை வீட்டில் வைக்காமல் அச்சகத்தில் வைக்க வேண்டும், அது தொழில் இடம். அங்கே பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. கல்யாணத்தன்று அவருக்கு மண்டபத்து மாடியில் தனி இலை. கட்சியினர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இத்தனைக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது நான்தான். இருப்பது இருக்கட்டும் என்று ஒரே வரியில் தொடங்கிய கட்சி.

ஜனவரி 15 – வியாழன்

பொங்கல். பொன்விழா. மலர் வெளியீடு, பதினாறு பக்கம். நான்காம் அத்தியாயம் மட்டும் ஒரே வரி: ‘2019: கருத்து வேறுபாடு.’ இக்கில்லாக் கட்சியாரும் ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். அதிலும் அந்த வருஷத்துக்கு ஒரே வரிதான்.

ஜனவரி 16 – வெள்ளி

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. நானும் தங்கத்தாயும் அச்சகத்துக்குப் போய் வைத்தோம். தாள் கட்டுகள் மேல் தட்டை வைக்க வேண்டியதாயிற்று. மச்சான் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. தீர்மானம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அவர்கள் வீடு அடுத்த காம்பவுண்டு. கதவு திறந்தே கிடந்தது. தங்கத்தாய் பிறந்து வளர்ந்த வீடு. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் பார்க்காமல் இருந்ததை நான் பார்த்தேன். திரும்பும்போது பஸ் திருத்தங்கல் தாண்டியது. அப்புறம், “அண்ணனுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு” என்றாள்.

பிப்ரவரி 8 – ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. தூக்கம் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மச்சான் இருபத்தொரு தட்டுச் சீரோடு வந்தார். கூடவே எம். புதுப்பட்டியிலிருந்து சரவெடி. மண்டப வாசலில் பற்ற வைத்தது அணையவே இல்லை. உள்ளே மேளக்காரர் ஊதுகிறார், கன்னம் உப்புகிறது, சத்தம் கேட்கவில்லை. கெட்டிமேளம் எப்போது என்று தெரியாமல் பாதிப்பேர் அட்சதையை முன்னாலேயே போட்டுவிட்டார்கள். மாலை போட்டு அவர் பிரீத்திகாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தபோது அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். மச்சான் அழுதுகொண்டே சிரித்தார். ஊர்க்காவலன் என் காதில் வந்து, “இப்ப வரைக்கும் மாமன்தான்” என்றார்.

பந்தி போட்டார்கள். மச்சான் தானாகவே மாடிப் பக்கம் நடந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒரு படி, நின்று மூச்சு வாங்கி அடுத்த படி. முழங்கால். ஆறு வருஷத்தில் அவர் கால் இப்படி ஆனது எனக்குத் தெரியாது. எம் பொண்ணுக்கு மாலை போட்ட மனுசன் நொண்டி நொண்டி மாடிக்குப் போயித் தனியா சாப்பிடணுமா? அத எழுதிக் கையெழுத்துப் போட்டது நானா? எனக்கு என் மேலேயே அருவருப்பாக வந்தது.

போய் அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன்.

“மாப்ள, தீர்மானம் நாலு” என்றார் மெதுவாக.

“தெரியும் மச்சான். நான்தான் எழுதுனேன். ஒங்க இலையில ரசத்துக்குப் பாத்தி கட்டுங்க, ஓடுது.”

சாப்பிட்டோம். எதிர் வரிசையில் ஊர்க்காவலன் கையில் அப்பளத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடிக்கவில்லை.

பிப்ரவரி 12 – வியாழன்

ஊர்க்காவலன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவர் கடை என் மண்டியிலிருந்து நூறு அடி. பொதுச்செயலாளர் தீர்மானம் நான்கை மீறிவிட்டார், செயற்குழுவைக் கூட்ட வேண்டும். நியாயமான கோரிக்கை. 15ஆம் தேதி என்று பதில் எழுதி, தபாலிலேயே அனுப்பினேன்.

பிப்ரவரி 15 – ஞாயிறு

என்னை நீக்கும் கூட்டத்துக்கு நானே தலைமை. ஊர்க்காவலன் தீர்மானத்தை வாசித்தார். ஓரிடத்தில் எழுவாய்க்குப் பயனிலை இல்லை, நான்தான் திருத்திக் கொடுத்தேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாக்கு கிடையாது. ஊர்க்காவலன் ஆதரவு. சீனிவாசகம் எதிர்ப்பு, அவரும் அதே பந்தியில் மூன்றாவது இலையில் இருந்தாராம், நான் போனால் அடுத்து அவர்.

ஒன்றுக்கு ஒன்று. வழக்கமாகத் தங்கத்தாயின் வாக்கை நானே என் பக்கம் எண்ணிக்கொள்வேன். இன்றும் வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

“எதிர்ப்புத்தான மதினி?” என்றார் ஊர்க்காவலன்.

“ஆதரவு. அவுகள நீக்கிருங்க.”

ஜமுக்காளத்தில் ஒரு ஈ நடந்துபோனது. நாற்பத்திரண்டு வருஷக் கட்சி வாழ்க்கை, நீக்கியது மகளிரணி.

“இப்ப செயற்குழுவுல எத்தன பேரு இருக்கோம்?” என்று அவளே கேட்டாள்.

“மூணு” என்றார் சீனிவாசகம்.

“மூணு பேருன்னா செயற்குழு செல்லாதுல்ல? செயற்குழு செல்லலைன்னா அது போட்ட தீர்மானத்த இனி யாரு நடத்துறது? நாலாம் தீர்மானமும் போச்சுல்ல?”

சீனிவாசகம் கூரையைப் பார்த்து யோசித்தார். சரிதான் என்றார். ஊர்க்காவலன் மூல விதியை முன்னும் பின்னும் புரட்டினார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், “பொருளாளர்னு ஒருத்தன் இருக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். பாவமாக இருந்தது. இருங்க என்றேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. கோபமாகத்தான் கேட்டேன்.

“ஆறு வருசமாச்சு. எங்க மதினிக்கு ஆப்ரேசன் நடந்தப்பக்கூட நான் போகல. நீங்க போகாதனு ஒரு தடவ சொன்னீக, நானும் சரின்னுட்டேன். அண்ணன் ஒங்க கையப் பிடிச்சு மாடிப்படில இருந்து எறங்குனாக பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒங்கள விட்டுட்டு நான் எங்கயும் போக முடியாது. அதான் ஒங்களையும் வெளிய எடுத்துட்டேன்.”

அவள் விதிப் புத்தகத்தை எப்போது படித்தாள் என்று கேட்டேன். மலருக்கு நான் படி எடுத்தபோது பிழை பார்த்தது அவள்தானாம். இதையும் நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 22 – ஞாயிறு

கூட்டம் இல்லாத ஞாயிறு. காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நகம் வெட்டினேன்.

பத்து மணி பஸ்ஸில் மச்சான் வீட்டுக்குப் போனோம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கத்தாய் படியேறி உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் அவளும் அவள் மதினியும் எதற்கோ சிரித்தார்கள், அடக்க முடியாமல், பாத்திரம் விழ விழ. இப்படி அவள் சிரித்து ஆறு வருஷமாகிறது. அது என் வீட்டில் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

மச்சானும் தன் பக்கத்துத் தலைவர் பதவியை விட்டுவிட்டார். மீதி மூன்று பேரும் தலைவர் ஆக ஆசைப்படுகிறார்களாம்.

“சும்மா இருக்க முடியல மாப்ள. புதுசா ஒண்ணு ஆரம்பிப்பமா?”

“பேரு?”

ரெண்டு பேரும் யோசித்தோம். அவர் ஒரு பெயர் சொன்னார், நான் அதில் ஒரு எழுத்து குறைகிறது என்றேன். அவர் கூடுகிறது என்றார். உள்ளேயிருந்து தங்கத்தாய், “சாப்பிட வாங்க” என்று குரல் கொடுத்தாள். எழுந்து போய்ச் சாப்பிட்டோம். ஆட்டுக்கறி, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் ஒரே பாயில் ஆளுக்கொரு பக்கம் தலைவைத்துத் தூங்கிவிட்டோம்.